டால்பின் கதவு இரண்டாகப் பிரிந்தபோது

எங்கள் வீட்டில் 1984ஆம் வருடத்து சிபானி டால்பின் கார் ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி, அவர் காலத்துக்குப் பிறகு என்னிடம் வந்தது. சில வருடங்களுக்கு முன் ஐப்பசி மழையில் ஒரு நாள் ஓட்டுநர் பக்கக் கதவைச் சாத்தியபோது ஒரு சத்தம் கேட்டது, அரை நொடி கழித்து இன்னொரு சத்தமும் கேட்டது. கதவு ஒருமுறைதான் சாத்தப்பட்டது, சத்தம் ஏன் இரண்டு என்று குனிந்து பார்த்தேன். கதவின் அடிவிளிம்பில் வெளிப் பேனலும் உள் பேனலும் ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பிரிந்து நின்றன, உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இந்த வண்டியைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் டாம்வொர்த் ஊரில் இருந்த ரிலையன்ட் நிறுவனம் 1975ல் இருந்து கிட்டன் என்று ஒரு குட்டிக் காரைச் செய்தது. அதை வைத்துத்தான் 1982ல் பெங்களூரில் சிபானி நிறுவனத்தார் டால்பினைத் தொடங்கினார்கள். 848 சிசி அலுமினிய எஞ்சின், கீழே இரும்புச் சேசிஸ், மேலே முழுக்க ஃபைபர் உடம்பு, அதாவது கண்ணாடி இழையில் ரெசின் ஊற்றி இறுக்கியது, பக்கவாட்டில் இரண்டே கதவுகள். எடை குறைவு என்பதால் சோழவரம் பந்தயங்களிலும் ஓடியது. ஆனால் 1983 கடைசியில் மாருதி 800 வந்ததும் நாலு கதவும் இரும்பு உடம்பும்தான் ஜனங்களுக்குப் பிடித்தது. இன்று டால்பினுக்கு ஸ்பேர் என்று எதுவும் கடையில் கிடைக்காது, கதவு உடைந்தால் புதுக் கதவு வாங்கிப் போடும் பேச்சே இல்லை. இருப்பதை ஒட்டித்தான் ஆகவேண்டும். அந்தக் கட்டாயத்தில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், டிங்கரிங் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே பிளவின் மேல் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றே மாதத்தில் அதே கோட்டில் மறுபடி வெடித்தது. இரண்டாவது கடையில் விளிம்பு நெடுக ஸ்க்ரூ முடுக்கினார்கள், ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் நட்சத்திரம் மாதிரி விரிசல் ஓடியது. மூன்றாவதாக ஒருவர் குளியலறைத் தொட்டிக்குப் போடும் சிலிகானைப் பிளவுக்குள் பீய்ச்சிவிட்டார், அதுதான் இருப்பதிலேயே பெரிய கெடுதல். அதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன். அவர்கள் கை சுத்தமான கைதான், தகரத்தில் அவர்கள் செய்யும் வேலையைப் பார்த்து அசந்திருக்கிறேன். ஆனால் ஃபைபர் தகரம் இல்லை.

சரி, சென்னையில் ஃபைபரை நாள் முழுக்கக் கையில் வைத்திருப்பவர்கள் யார் என்று யோசித்தபோதுதான் காசிமேடு ஞாபகம் வந்தது. கட்டுமரத்தின் இடத்தில் இன்று பெரும்பாலும் ஃபைபர் போட்டுகள்தான். தினமும் அலையிலும் மணலிலும் அடி வாங்கும் அந்தப் படகுகளைச் சரிசெய்து கொடுக்கும் ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். கதவைக் கழற்றி ஆட்டோவில் எடுத்துப் போயிருந்தேன். அவர் விளிம்பைக் கையால் அமுக்கிப் பார்த்தார், விட்டார், மறுபடி அமுக்கினார்.

“இது தகரம் இல்ல தம்பி. தகரத்த நெளிச்சா நெளிஞ்சபடி நிக்கும். ஃபைபரு பழைய எடத்துக்கே இழுக்கும். நீ கிளாம்ப் போட்டு இழுத்துப் புடிச்சு ஒட்டினா, கிளாம்ப் எடுத்த அன்னிலேருந்து அது பிரியத்தான் பாக்கும். மொதல்ல ஏன் பிரிஞ்சிச்சுன்னு பாரு.”

“பசை காய்ஞ்சு போச்சு, அதனாலதான்னு நெனச்சேன்ணே.”

“பசை சும்மா இருந்தா பிரியாது. உள்ள எதுவோ தள்ளுது.”

அவர் சொன்னது சரி. வீட்டுக்கு வந்து உள் பேனலின் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். கீல் போல்ட் பிடிப்பதற்காக ஒரு இரும்புத் தகட்டை உள்ளே வைத்து மேலே ஃபைபர் போட்டு மூடியிருந்தார்கள். அந்தத் தகடு துருப்பிடித்து அடை அடையாக உப்பியிருந்தது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், மூடின இடத்தில் அது ஆப்பு வைத்த மாதிரி இரண்டு பக்கத்தையும் பிளந்துகொண்டே போகும். தண்ணீர் ஏன் தேங்கியது? கதவின் அடியில் வடிவதற்கு இருந்த இரண்டு துளைகளையும் முதல் கடையில் பூசிய பட்டி அடைத்திருந்தது. அதாவது சரிசெய்த வேலையே பிளவை வளர்த்திருக்கிறது. இது தெரியாமல் உலகத்திலேயே உசத்தியான பசையை வாங்கி ஒட்டியிருந்தாலும் அடுத்த மழைக்கு மறுபடி பிரிந்திருக்கும்.

உங்கள் வண்டியிலும் இப்படிப் பிரிந்திருந்தால் முதல் வேலை, ஒரு ஐந்து ரூபாய்க் காசை எடுத்துக்கொண்டு விளிம்பு நெடுகத் தட்டிப் பார்ப்பது. ஒட்டி இருக்கும் இடத்தில் ‘டக்’ என்று இறுக்கமாகக் கேட்கும், விட்டுப்போன இடத்தில் பொத்தென்று உள்ளீடற்ற சத்தம் வரும். கேட்கக் கேட்கச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போங்கள். என் கதவில் கண்ணுக்குத் தெரிந்த பிளவு ஒரு சாண், சாக்பீஸ் கோடு மூன்றரைச் சாண். பாதி ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற இடத்தை அப்படியே விட்டுவிட்டுத் திறந்திருக்கும் இடத்தில் மட்டும் பசை விட மனம் சொல்லும். செய்யாதீர்கள். முழுதும் திறக்கவேண்டும். ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு மெல்ல அறுத்து, பின்னாலேயே சின்ன மர ஆப்புகளைச் செருகிக்கொண்டு போனேன். அப்பா ஓட்டிய வண்டியின் கதவை நானே பிளக்கிறேன் என்று கை நடுங்கியது உண்மைதான், ஆனால் திறந்தால்தான் உள்ளே தேய்க்க முடியும், தேய்த்தால்தான் ஒட்டும்.

இப்போது அந்த சிலிகான் விஷயம். சிலிகான் பட்ட இடத்தில் எந்தப் பசையும், எந்தப் பெயின்ட்டும் பிடிக்காது. அதை நேராக உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் போகாது, மெழுகு மாதிரி பரவிச் சுத்தமாக இருந்த இடத்தையும் கெடுத்துவிடும். முதலில் பிளேடால் சுரண்டி எடுக்கவேண்டும், பிறகு அசிட்டோன் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்து, துணியை மாற்றி மாற்றித் துடைத்து, அதற்கும் பிறகுதான் உப்புத்தாளைத் தொடவேண்டும். டயர் பாலிஷிலும் டேஷ்போர்டு பாலிஷிலும் சிலிகான் இருப்பது உண்டு, ஆகவே ஒட்டப்போகும் வாரத்தில் அவற்றை வண்டியின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

தேய்ப்பதற்கு 80ஆம் நம்பர் தாள் போதும். பழைய பசை முழுக்கப் போய், பளபளப்பு ஒரு பொட்டுகூட இல்லாமல் மங்கலாகத் தெரியும் வரைக்கும் தேய்க்கவேண்டும். தேய்த்த பிறகு ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் படலமாகப் பரவினால் இடம் சுத்தம், தாமரை இலை மேல் போல முத்து முத்தாக உருண்டால் இன்னும் எண்ணெய்ப் பசை இருக்கிறது. பார்த்துவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். ஃபைபர் தூசி தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, நல்ல மாஸ்க் மூன்றும் வேண்டும். உடம்பில் பட்டுவிட்டால் சொறியாமல் பச்சைத்தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் கூடாது.

அடுத்து எந்தப் பசை. படகுக்காரர்கள் எல்லாவற்றுக்கும் பாலியெஸ்டர் ரெசினும் மேட்டும்தான் (நெய்யாத கண்ணாடி இழை விரிப்பு) போடுவார்கள், டால்பின் உடம்பும் அதே பாலியெஸ்டர்தான். ஆனால் ஒரு விஷயம், ஈரமாக இருக்கும்போதே அடுக்கடுக்காகப் போட்டால்தான் பாலியெஸ்டர் ஒன்றோடு ஒன்று கலந்து ஒரே உடம்பாகும். நாற்பது வருடம் காய்ந்து இறுகிய பழைய ஃபைபர் மேல் புது ரெசின் போட்டால் அது தேய்த்த கீறல்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே தவிர வேறு ஒட்டு கிடையாது. படகில் அகலமாக இறக்கித் தேய்த்து நாலைந்து அடுக்கு போடுவதால் தாங்குகிறது. பெரியவரின் கணக்கு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு விரல் அகலம் சரிவாகத் தேய்ப்பது. என் கதவின் விளிம்பே இரண்டு விரல்தான் இருக்கும், அங்கே சரிவுக்கு இடமில்லை. அதனால் எபாக்சி என்ற இரண்டு பாகப் பசைக்குப் போனேன். பழைய பாலியெஸ்டர் மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும். ஆனால் எபாக்சி போட்ட இடத்தின் மேல் பிற்பாடு பாலியெஸ்டர் போட்டால் சரியாகப் பிடிக்காது, ஆகவே ஒரு இடத்தில் எபாக்சிக்குப் போனால் அங்கே கடைசிவரை எபாக்சிதான்.

நான் வாங்கியது அரால்டைட் ஏடபிள்யூ 106, அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் எச்வி 953. தொழிற்சாலைகளுக்கு விற்கும் பெரிய டப்பா இது, எடையில் 100க்கு 80 என்று கலக்கவேண்டும், அளவில் என்றால் சரிபாதி. இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், தராசில் வைத்துச் சரிபாதி கலந்துவிட்டு இறுகவில்லை என்று புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹார்ட்னர் கூடுதலாக விட்டால் சீக்கிரம் காயும் என்பது பாலியெஸ்டரில் ஓரளவு உண்மை, எபாக்சியில் சுத்தப் பொய். கூடினாலும் குறைந்தாலும் ஒட்டு கெடும். மெத்தாக்ரிலேட் வகைப் பசையும் இருக்கிறது, ஃபைபருக்கு மிக நல்லது, அடியும் அதிர்வும் தாங்கும். ஆனால் சில வகை ஐந்து பத்து நிமிடத்தில் இறுகிவிடும். தனி ஆளாக மூன்றரைச் சாண் விளிம்பைப் பூசிப் பொருத்த எனக்கு அந்த நேரம் போதாது என்று விட்டுவிட்டேன்.

இத்தனையும் தெரிந்துகொண்டு செய்த முதல் ஒட்டு வீணாய்ப் போனது. காரணம் பசை இல்லை. கதவைக் கழற்றி மேஜை மேல் வைத்து, சுத்தமாகத் தேய்த்து, பூசி, பன்னிரண்டு சி கிளாம்ப் மாட்டி, மறுநாள் காலையில் எடுத்தேன். இரும்பு மாதிரி ஒட்டியிருந்தது. வண்டியில் மாட்டினேன். மேல் மூலை உடம்போடு உட்கார்ந்தது, கீழ் மூலை எட்டு மில்லிமீட்டர் வெளியே நின்றது. இரண்டு பேனலும் பிரிந்திருக்கும்போது கதவுக்கு விறைப்பே கிடையாது, அது வைத்த இடத்துக்கு ஏற்ப முறுக்கிக்கொள்ளும். மேஜையோ கொஞ்சம் கோணல். அந்தக் கோணலை அப்படியே நிரந்தரமாக ஒட்டிவிட்டேன். இரண்டு நாள் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அப்புறம் மறுபடி ஹேக்ஸா பிளேடை எடுத்தேன். இந்த முறை அறுப்பதற்கு ஒரு முழு நாள் ஆனது, அத்தனை நன்றாக ஒட்டியிருந்தது.

ஆகவே இதை நன்றாகக் கவனியுங்கள். கதவையோ பானட்டையோ ஒட்டும்போது அதை வண்டியில் மாட்டி, பூட்டிய நிலையில்தான் ஒட்டவேண்டும். கதவுச் சட்டத்தில் பாலித்தீன் ஷீட்டை நீட்டி ஒட்டிவிட்டால் வழியும் பசை உடம்பில் பிடிக்காது. முதலில் பசையே இல்லாமல் முழுதும் மாட்டிப் பாருங்கள், எல்லாக் கிளாம்ப்பும் போட்டு, இடைவெளி நாலு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று. எங்காவது பலமாக அமுக்கினால்தான் மூடுகிறது என்றால் அங்கே தேய்க்கவேண்டியது பாக்கி இருக்கிறது, அல்லது நிரப்பவேண்டியது இருக்கிறது. என் கதவில் துரு தள்ளிய மூலையில் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி. கிளாம்ப்பால் அதை மூடாமல், கண்ணாடித் துணியும் எபாக்சியும் வைத்து ஒரு பட்டை வார்த்து, அதை இடையில் வைத்தேன். 1953லேயே ஃபைபர் உடம்போடு வந்த அமெரிக்க கார்வெட் கார்களில் இரண்டு பேனல் சேரும் இடத்துக்குப் பின்னால் இப்படி ஒரு ஃபைபர் பட்டை கொடுத்துத்தான் ஒட்டுவார்கள். ஒட்டுக்கு அகலம் கிடைக்கிறது, பேனல் தன் இடத்தில் இயல்பாக நிற்கிறது.

உப்பிய இரும்புத் தகட்டை எடுத்துவிட்டு மூன்று மில்லி எஸ்எஸ் தகடு வெட்டி வைத்தேன். அடைத்த வடிகால் துளைகளைத் திறந்து இன்னும் ஒன்று கூடுதலாகப் போட்டேன். விரிசல்கள் முடியும் இடத்தில் மூன்று மில்லி டிரில்லால் ஒரு துளை, இல்லாவிட்டால் விரிசல் தொடர்ந்து ஓடும்.

பூசும்போது நினைவில் வைக்கவேண்டியவை சில. பசையைக் கப்பில் கலக்காதீர்கள், குவியலாக இருந்தால் தன் சூட்டிலேயே இறுகிவிடும். அகலமான தட்டில் பரப்பிக் கலக்குங்கள். 25 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வரும் பசை, மே மாத மத்தியானத்தில் முக்கால் மணி நேரம்தான் கையில் நிற்கும். நான் விடிகாலை ஐந்தரைக்குத் தொடங்கினேன். முதலில் இரண்டு பக்கத்திலும் பசையை மெல்லிசாகத் தேய்த்துவிட வேண்டும், ஃபைபரின் கீறல்களுக்குள் அது இறங்கவேண்டும். பிறகு அதே பசையில் ஏரோசில் என்ற மிக நுண்ணிய சிலிக்கா பொடியைக் கலந்து வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவந்து தடிமனாக வைக்கவேண்டும். ஏரோசில் புகை மாதிரி பறக்கும், மாஸ்க் இல்லாமல் திறக்கவே கூடாது.

கிளாம்ப்பை இறுக்கி இறுக்கிப் பசை முழுவதையும் வெளியே பிதுக்கிவிடுவதுதான் நிறையப் பேர் செய்யும் தப்பு. இடையில் பசை இல்லாமல் எப்படி ஒட்டும்? மீன் பிடிக்கும் நைலான் நரம்பு, அரை மில்லி கனத்தில், துண்டு துண்டாக வெட்டி ஒரு சாணுக்கு ஒன்று இடையில் வைத்தேன். எவ்வளவு இறுக்கினாலும் அரை மில்லிக்குக் கீழே போகாது. சி கிளாம்ப் எட்டாத இடத்தில் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றினேன், அது கொடுக்கும் அழுத்தம் சீராக இருக்கிறது, ஃபைபரைக் கடிப்பதும் இல்லை. ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. பிறகு உள்பக்கம் விளிம்பு நெடுக இரண்டு அடுக்கு கண்ணாடித் துணி, எபாக்சியில். இங்கே மேட் வேண்டாம். மேட்டின் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பொருள் பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்சியில் கரையாமல் விறைத்து நிற்கும். நெய்த துணிதான் படியும்.

கதவு சரியானதும் பானட்டைத் தட்டிப் பார்த்தேன், நடுவில் உள் சட்டம் முழுக்க விட்டிருந்தது. பானட்டில் வேறொரு பிரச்சினை, சூடு. சாதாரண அறைச் சூட்டில் இறுகிய எபாக்சி 60 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும். சென்னை வெயிலில் அடர்நிற பானட் அதைத் தாண்டும், கீழே எஞ்சின் வேறு. ஆகவே பூட்டிய நிலையில் ஒட்டி ஒரு நாள் நிழலில் விட்டு, கிளாம்ப்பைக் கழற்றாமலே அடுத்த இரண்டு நாள் வெயிலில் நிறுத்தினேன். இறுகிய பிறகு சூடு கொடுத்தால் எபாக்சி இன்னும் முறுகும், அதன் இளகும் அளவும் மேலே போகும். முதலில் சூடாக்காதீர்கள், வழிந்துவிடும். பானட் கரும்பச்சையாக இருந்தது, வெள்ளையாக மாற்றிவிட்டேன். அம்மாவுக்கு அதில் வருத்தம்தான், அப்பா எடுத்த நிறம் அது. ஆனால் வெள்ளை பானட்டில் மத்தியானம் கை வைக்க முடிகிறது.

பாலியெஸ்டரில்தான் செய்வேன் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடையில் ரெசினோடு இரண்டு சின்னப் பாட்டில் கொடுப்பார்கள், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஊதா நிறத்தில், ஹார்ட்னர் தண்ணீர் நிறத்தில். அந்த இரண்டையும் நேராக ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலந்த பிறகுதான் ஹார்ட்னர். ஒரே கரண்டியை இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எபாக்சியிலும் கையுறை இல்லாமல் வேலை செய்தால் ஒரு நாள் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் போய்விடும், அப்புறம் ஆயுசுக்கும் அதன் வாடையே ஆகாது. தோலில் பட்டதைத் தின்னரால் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மூன்று மழைக்காலம் கடந்துவிட்டது. கதவு ஒரே சத்தத்தில் சாத்துகிறது. போன வருடம் காசு வைத்துத் தட்டியபோது பூட்டுப் பக்கத்துக் கீழ் மூலையில் மட்டும் நாலு விரல் நீளத்துக்குப் பொத்தென்று கேட்டது. அந்த இடம் எனக்கு நினைவிருக்கிறது, வெளிச்சம் ஏறிவிட்டதே, பசை இறுகிவிடுமே என்ற அவசரத்தில் அசிட்டோன் துடைக்காமல் விட்ட இடம். அதைத் திறந்து மறுபடி ஒட்டினேன். அந்தக் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு காசிமேட்டுப் பெரியவரிடம் காட்டப் போனேன், அவர் பழையபடி அமுக்கிப் பார்த்துவிட்டு, “இப்ப தள்ளல” என்றார். வண்டியின் பின்னால் இருக்கும் டிக்கிக் கதவிலும் மேல் விளிம்பு கொஞ்சம் விட்டிருக்கிறது. இந்த ஈரத்தில் தொடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், தை பிறந்ததும் அதைத் திறக்கப்போகிறேன்.